டாக்டர் சுப்பாராவும் அணுஜீவிகளின் ஆகாரமும்

நம் நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. யானைக்கால் நோய் பரவியுள்ள ஜில்லாக்களில் சர்க்கார் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று டைஎதில்கார்பமசின் என்னும் மாத்திரையைக் கொடுக்கின்றனர். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்து கொடுக்கப்படுகிறது. பிளேக், காலரா, டைபஸ் முதலிய வியாதிகளில் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் உயிரைக் காக்கின்றன. இவை யாவும், அல்லது இவற்றின் முதல் வடிவங்கள், ஒரே ஆராய்ச்சிச் சாலையிலிருந்து, ஒரே மனிதருடைய தலைமையின் கீழ், எட்டே ஆண்டுகளுக்குள் மருந்தாக வெளிவந்தவை. அந்த மனிதர் நம்மவர், சென்னையில் படித்தவர். அவருடைய பெயரை இம்மருந்துகளை உண்பவர்களில் ஆயிரத்தில் ஒருவராவது அறிவாரா என்பது சந்தேகமே.

எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அப்பெரியாருடைய சரித்திரத்தை நாம் இங்கே எழுதப் புகுந்தது, நம் தேசத்தவர் ஒருவர் அயல்நாட்டில் புகழ் பெற்றார் என்று மகிழ்வதற்காக மட்டும் அன்று. ஆகாரம் வேறு, வியாதி வேறு என்று நாம் பிரித்து எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகாரம் சமையலறையைச் சேர்ந்தது, வியாதி வைத்தியசாலையைச் சேர்ந்தது என்பது பொது ஜன அபிப்பிராயம். இவ்விரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள் என்பதைச் சுப்பாராவின் வாழ்க்கையைப்போல் விளக்குவது வேறொன்றில்லை. அதை நம்மவர் அறிந்துகொள்ள வேண்டுவது அவசியம் என்று கருதுகிறோம்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மேற்குக் கோதாவரிப் பகுதியில், பீமவரம் என்னும் ஊரில், 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை ரெவின்யூ இலாகாவில் சிறு உத்தியோகஸ்தர். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. பையன் பள்ளிக்கூடப் படிப்பில் சிரத்தை காட்டவில்லை. சிறு வயதிலேயே, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினான் என்றும், தாயார் வெங்கம்மா அவனைப் பிடித்து வரச் செய்து மீண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகின்றனர். தந்தை காலமான பின்னர் அந்த அம்மையாரே அவரைப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை ஹிந்து ஹைஸ்கூலிலிருந்து தேறினார். பின்னர் பிரஸிடென்ஸி கலாசாலையில் சேர்ந்தார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது. தாயார் அதற்கு இணங்கவில்லை. ஜனங்களுக்குத் தொண்டு செய்வதற்கு வைத்தியமும் ஒரு வழியே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு சென்னை மெடிகல் காலேஜில் சேர்ந்தார்.

அது ஒத்துழையாமை இயக்கம் எழுந்த காலம். அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்த மாணவர்களில் சுப்பாராவும் ஒருவர். சத்திர சிகிச்சை அறைக்கும் அவர் கதர் அங்கியோடுதான் சென்றார். இது ஆங்கிலேயரான சத்திர சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகவே எழுதியிருந்தும், முடிவில் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. உடுத்திய துணிக்காக ஒரு வைத்தியனுடைய தகுதியைக் குறைத்த விசித்திரம் நம் நகரத்தில்தான் நடந்தது. சென்னை மாகாண வைத்திய இலாகாவில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஆகவே, டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத கலாசாலையில் உடற்கூறு சாஸ்திரம் போதிக்கும் ஆசிரியராக அமர்ந்தார்.

இதற்குள் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்ட துக்கம் ஒன்று நேர்ந்தது. சகோதரர் இருவர், ஒருவர் பின் ஒருவராகச் சில நாட்களுக்குள், ஸ்ப்ரூ என்னும் கொடிய வியாதியால் மாண்டனர். உஷ்ணப் பிரதேசங்களுக்குரிய இந்த வியாதி எத்தகையது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பஞ்சத்தில் ஆகாரம் கிடைக்காமல் மனிதன் சாகிறான். இந்த வியாதியிலோ ஆகாரம் வயிற்றில் இருக்கும்போதே பட்டினியால் சாகிறான். சிறுகுடலின் உட்புறத்தில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய மடிப்புகள் தேய்ந்துபோகின்றன. உண்ட உணவின் சாரத்தை உறிஞ்சும் சக்தி குடலுக்கு இல்லாமற் போகிறது. ஓயாத பேதி, நாக்கில் புண், மெலிவு, ரத்தசோகை, கடைசியில் மரணம். குடலில் குடிகொண்ட நுண் கிருமிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டென்பது இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. அன்றோ காரணமும் தெரியாது, மருந்தும் தெரியாது. சுப்பாராவையும் அந்நோய் பிடித்ததென்றும், டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தாரென்றும் சொல்லப்படுகிறது. ஆகாரக் குறைவும் கிருமியும் கைகோத்துக்கொண்டு வருவதை அவர் புஸ்தகத்தில் படிக்கும் முன்னரே தம் வீட்டில் கண்டுவிட்டார்.

உஷ்ணப் பிரதேச வைத்தியத்தைக் கற்க வேண்டும் என்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் புறப்பட்டார். மாமனார் செய்த பண உதவியும் தர்ம ஸ்தாபனத்தின் சகாயமும் அவரைக் கப்பலேற்றின. கையிருப்பு சொற்பம். ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலையாளாக நோயாளிகளின் பாத்திரங்களைக் கழுவும் பணியைச் செய்துகொண்டே பகலில் படித்தார். ஊரில் விட்டுவந்த மனைவி சேஷகிரிக்கு அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தை, தகப்பன் முகத்தைக் காணாமலே கைக்குழந்தையாக மாண்டது. மூன்றாண்டுகளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றவர் பிறகு தாய்நாட்டைக் காணவே இல்லை. அந்த அம்மையார் காத்திருந்த காத்திருப்பையும் இந்த வெற்றிகளுக்கு நாம் கொடுத்த விலையில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்னும் ரசாயனப் பேராசிரியரிடம் சுப்பாராவ் வேலை செய்தார். உடலின் திரவங்களில் பாஸ்வரம் எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டு 1925-ல் வெளியிட்டனர். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரால் உலகத்தின் ரசாயன சாலைகள் அதைக் கையாண்டு வந்தன. அளவுகோல் கைக்கு வந்ததும் அதைக் கொண்டு தசையை ஆராயத் தொடங்கினர். 1927-ல் பாஸ்போ கிரியேட்டின் என்ற பொருளையும், 1929-ல் ஏ.டி.பி. என்று சுருக்கி வழங்கும் பொருளையும் தசையில் கண்டறிந்தனர். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமன் என்னும் விஞ்ஞானியும் இதைக் கண்டார்.

இந்த ஏ.டி.பி. என்பது என்ன? நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் நேரே நம் கையை அசைப்பதில்லை. நெல்லைக் களத்திலிருந்து கொண்டுபோய்க் கடையில் கொடுத்து எல்லாச் சாமான்களையும் வாங்க முடியாது. அதைப் பணமாக மாற்ற வேண்டும். அதுபோல, ஆகாரத்திலுள்ள சக்தியை ஜீவன் ஏ.டி.பி. என்னும் நாணயமாக மாற்றிக்கொண்டே செலவு செய்கிறது. இதில் வியப்பு யாதெனில், யானைக்கும் மனிதனுக்கும் மட்டுமன்றி, குட்டையில் வாழும் அமீபாவுக்கும், தயிரிலுள்ள நுண்ணுயிருக்கும், காலராக் கிருமிக்கும் இதே நாணயந்தான். செல் எனப்படும் ஜீவ அணு ஒன்றே உடலாகக் கொண்ட ஓரணு ஜீவிகளும், கோடானுகோடி அணுக்களாலான நாமும், அடிப்படையில் ஒரே விதமாகவே உண்டு ஜீவிக்கிறோம். சுப்பாராவின் பிற்காலக் காரியங்கள் யாவும் இந்த உண்மையின் மேல் எழுந்த கட்டடமே.

இத்தனை செய்தும், 1930-ல் டாக்டர் பட்டம் பெற்றும், ஹார்வர்டு சர்வகலாசாலை அவருக்கு நிரந்தரமான ஆசிரியர் பதவியைக் கொடுக்கவில்லை. பத்தாண்டுகள் பொறுத்திருந்து, 1940-ல் நியூயார்க் ராஜ்யத்தில் பெர்ல் ரிவர் என்னும் இடத்திலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலைக்குச் சென்றார். சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே அவர் கையிலெடுத்த பழைய பிரச்னை ரத்தசோகை. அதில் ஒரு கொடிய வகைக்கு ஈரலை உணவாகக் கொடுத்தால் குணமாகிறது என்று பாஸ்டன் வைத்தியர்களான மைனாட்டும் மர்பியும் 1926-ல் காட்டியிருந்தனர். ஈரலில் உள்ள அந்தச் சத்து யாது என்பதே கேள்வி. நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்திய அம்மையார் 1928 முதல் சில ஆண்டுகள் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் என்னும் ஓரணு ஜீவியிலிருந்து செய்யும் மார்மைட் என்ற உணவைக் கொடுத்தபோது அந்த ஏழைப் பெண்களின் ரத்தம் ஊறியதை அவர் கண்டு எழுதினார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் ஏதோ ஒரு ஜீவசத்து இருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் அதைப் பிரித்தெடுத்தவர் இல்லை.

ஒரு மணங்கு ஈரலில் ஒளிந்திருக்கும் ஓர் அணுப்பிரமாணச் சத்தை எப்படித் தேடுவது? ஒவ்வொரு சாற்றையும் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. இங்கேதான் ஓரணு ஜீவிகள் துணைக்கு வந்தன. பாலைப் புளிக்க வைக்கும் லாக்டோபாசில்லஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிருக்கு, மனிதனைப் போலவே, இந்தச் சத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. சத்துள்ள சாற்றில் அது பெருகும். இல்லாத சாற்றில் வாடும். ஒரு சோதனைக் குழாயும் ஓரிரு நாட்களும் இருந்தால் போதும், எந்தச் சாற்றில் சத்து இருக்கிறது என்பதை அந்த நுண்ணுயிரே சொல்லிவிடும். அரசர்களின் உணவை முன்கூட்டிச் சுவைத்துப் பார்க்கும் பரிசாரகனைப்போல, கண்ணுக்குத் தெரியாத ஜீவியை விஞ்ஞானிகள் வேலைக்கு அமர்த்தினர். இந்த வழியே சென்று, சுப்பாராவின் தலைமையில் உழைத்த ரசாயன நிபுணர்கள் போலிக் அமிலத்தை ஈரலிலிருந்து பிரித்தெடுத்ததோடு, 1945-ல் அதை ரசாயன முறையில் செய்தும் காட்டினர். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அதன் பெயர்; முன்னமே வேறு ஆராய்ச்சியாளர்கள் பசலைக் கீரையில் அதைக் கண்டு வைத்த பெயர் அது. விரைவிலேயே வைத்தியர்கள் அதை ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வெளுத்த முகங்களில் ரத்தம் ஏறிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுப்பாராவ் முதலில் தேடிப் போனது இதை அன்று. மைனாட்டும் மர்பியும் கண்ட அந்தக் கொடிய ரத்தசோகையைக் குணப்படுத்தும் சத்தையே அவர் தேடினார். போலிக் அமிலம் அந்நோயில் ரத்தத்தைச் சரிப்படுத்திற்று, நரம்பைக் காக்கவில்லை. உண்மையான சத்தாகிய பி-12 ஜீவசத்தை 1948-ல் வேறு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள் பிரித்தெடுத்தனர். விஞ்ஞானத்தில் தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்றாக முடிவது வழக்கம். கிடைத்ததை இன்னதென்று அறிந்து பயன்படுத்துவதில்தான் மேதையின் திறமை இருக்கிறது.

அத்திறமையைச் சுப்பாராவ் அடுத்த காரியத்தில் காட்டினார். ஜீவ அணு ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் தேவை. இது கிடைக்காவிட்டால், வெகு வேகமாகப் பெருகும் அணுக்களே முதலில் தவிக்கும். ரத்த அணுக்கள் நாள்தோறும் எலும்பு மஜ்ஜையில் பெருகுவதால்தான் இந்தச் சத்தின் குறைவு முதலில் ரத்தசோகையாகத் தோன்றுகிறது. அப்படியானால், பெருகக்கூடாத அணு ஒன்று வரம்பு கடந்து பெருகும்போது, சத்தைப்போல் தோற்றமளிக்கும் போலிச் சத்தைக் கொடுத்து அதை ஏமாற்றினால் என்ன? ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வைத்தியம் செய்துவந்த பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பருக்குச் சுப்பாராவின் சாலை இத்தகைய பொருள்களைச் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்ற அம்மருந்தால் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் குணம் கண்டதை 1948-ல் பார்பர் வெளியிட்டார். அதன் தம்பியே மெதோட்ரெக்ஸேட்.

கிருமி விஷயத்திலும் இதே தத்துவம் பொருந்தும். நாம் போலிக் அமிலத்தை ஆகாரத்திலிருந்து பெறுகிறோம். பல கிருமிகளும் மலேரியாவை உண்டாக்கும் ஓரணு ஜீவியும் அதைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. ஸல்பா மருந்துகள் அந்தச் சமையலைக் கெடுக்கின்றன. கிருமி பெருகாமல் நிற்கிறது. உண்ணும் நமக்கோ நஷ்டமில்லை. அணுவின் ஆகாரத்தை அறிந்தவனுக்கே அணுவின் வியாதியையும் வெல்ல வழி தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகின்றன. சில, மற்றவை வளராதபடி தடுக்கும் பொருளைக் கக்குகின்றன. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் இவ்வாறு கிடைத்தவையே. அவற்றுக்கு அடங்காத கிருமிகளுக்கு மருந்து காண, சர்வகலாசாலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவர சாஸ்திரியைச் சுப்பாராவின் சாலை வேலைக்கு ஏற்றது. பல இடங்களிலிருந்து வந்த மண்ணைச் சோதித்து வந்த டக்கர், மிசௌரி சர்வகலாசாலையின் வயலிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அதிலிருந்து 1948-ல் ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. 1994-ல் சூரத் நகரில் பிளேக் பரவியபோது ஜனங்கள் நம்பி உண்ட மருந்து இக்குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கு ஓராண்டு முன்னரே, 1947-ல், யானைக்கால் நோயை உண்டாக்கும் நூல் போன்ற புழுவின் குஞ்சுகளை ரத்தத்திலிருந்து ஒழிக்கும் ஹெட்ராஸான் என்னும் டைஎதில்கார்பமசினையும் இச்சாலை அளித்திருந்தது. அப்புழு ஓரணு ஜீவியன்று. எனினும் கொசுவின் வாயிலாக ஏழையைத் தேடி வருவதில் மலேரியாவுக்கு இளைத்ததன்று.

இனி நேயர்கள் ஒன்றைக் கவனிக்கும்படி வேண்டுகிறோம். ஸ்ப்ரூ நோய்க்கு இன்று வைத்திய நூல்கள் கூறும் சிகிச்சை யாது? போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்துச் சில மாதங்கள் கொடுப்பது. ஒன்று இழந்த சத்தைத் தருகிறது. மற்றொன்று குடலின் கிருமியை அடக்குகிறது. தம் சகோதரர் இருவரைக் கொண்டுபோன நோய்க்குரிய இரண்டு மருந்துகளும் சுப்பாராவின் சாலையிலிருந்தே வந்தன. சகோதரர்களுக்கு அவை கால் நூற்றாண்டு பிந்திவிட்டன. பிறர் வீட்டுச் சகோதரர்களுக்குப் பிந்தவில்லை.

ஆரியோமைசின் வெளிவந்த அதே 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், 53-ம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். 1946-ல் அமெரிக்கச் சட்டம் இந்தியர்களுக்குப் பிரஜா உரிமை பெற வழி திறந்தும், அவர் அந்நாட்டுப் பிரஜையாகாமலே இறந்தார். ஆரியோமைசினைப் பற்றிய முதல் கட்டுரையில் டக்கரின் பெயர் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க் கட்டுரையில் பார்பரும் அவர் தோழர்களும் இருக்கின்றனர். இவ்விரண்டிலும் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. உடன் உழைத்தவர்களை முன்னே நிறுத்தித் தாம் பின்னே நிற்பது அவர் இயல்பு. நோபல் பரிசு அவரை நாடவில்லை. 1995-ல், நூறாவது பிறந்த ஆண்டில், நம் தபால் இலாகா அவருடைய படத்தோடு ஒரு தலை வெளியிட்டது.

தபால் தலையோடு நம் கடமை தீர்ந்ததா? தீரவில்லை என்பதே நம் துணிபு. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச் சத்தின் குறைவே இதற்குப் பெருங்காரணம். போலிக் அமிலம், பி-12 ஆகியவற்றின் குறைவும் இதில் சேரும். மருந்து இல்லாமல் இவர்கள் வாடவில்லை. மருந்து கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது, விலையும் அற்பம். கீரையையும் பயறையும் குடும்பத்தின் பெண்களுக்குக் கடைசிப் பந்தியில் மிஞ்சியதாக வைப்பதும், கொடுத்த மாத்திரையை உண்கிறாளா என்று கேளாதிருப்பதும் நம் குற்றமேயன்றி விஞ்ஞானத்தின் குற்றமன்று. அவ்வாறே, சாதாரண ஜலதோஷத்துக்கெல்லாம் கிருமிநாசினி மாத்திரைகளை வாங்கி இரண்டு நாள் தின்று நிறுத்துவதால், அம்மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமிகள் பெருகி, மருந்தையே பயனற்றதாக்குகின்றன. பாடுபட்டுச் சேர்த்த பிதிரார்ஜிதத்தை அழிக்கும் பிள்ளைகளின் காரியம் இது.

மற்றொன்றும் உண்டு. சென்னையில் ஒருவர் துணியைப் பார்த்தார், திறமையைப் பார்க்கவில்லை. பாஸ்டனில் ஒரு பெரிய சர்வகலாசாலை உழைப்பை வாங்கிக்கொண்டது, பதவியைத் தரவில்லை. அந்நியர் ஆட்சி போய்விட்ட இந்நாளில், நம் கலாசாலைகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் ஓர் ஏழைப் பையனின் பேச்சையும் ஜாதியையும் உடையையும் பார்த்து மதிப்பெண் இடுவோர் அறவே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர் யார்? மூன்றாம் முறை மெட்ரிகுலேஷன் தேறிய மாணவர் ஒருவர் உலகத்துக்கு என்ன கொடுத்தார் என்பதைப் பார்த்தோம். அத்தகையவர்கள் எந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பலகையில் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து ஆதரிப்பது, தேசத் தொண்டில் ஈடுபட்ட ஒவ்வொருவரும் தம் ஊரிலேயே இன்றே தொடங்கக்கூடிய வேலை. சுப்பாராவின் பெயருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே என்று நம்புகிறோம்.